ஹத்துசாவில் வெறும் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இருக்க

முதல் முறை துருக்கியில் இருக்கும் ஹத்துசாவுக்குப் போனபோது மூன்று வாசல்களைப் படம் எடுத்துக்கொண்டு இரண்டே மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். மலைச்சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசைகள், நடுநடுவே புல், அவ்வளவுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் எதையெல்லாம் தாண்டி நடந்திருக்கிறேன் என்று புரிந்தது. மனது கேட்கவில்லை. அடுத்த முறை இரண்டு முழு நாள் ஒதுக்கிக்கொண்டு போனேன். அந்த இரண்டாவது பயணத்தை நீங்கள் முதல் தடவையிலேயே செய்துவிடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துருக்கிக்குப் போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்கலே என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவை நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அங்காராவிலிருந்து கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில், சோரும் மாகாணத்தில், போவாஸ்கலே என்ற சிற்றூரை ஒட்டி ஒரு பேரரசின் தலைநகரம் திறந்து கிடக்கிறது. எகிப்தோடு சரிக்குச் சரி நின்ற ஹிட்டைட்டுகளின் ஊர், அதுதான் ஹத்துசா. 1986லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வேலை நாளில் போனால் பல சமயம் அந்த மலையில் நீங்களும் காற்றும் மட்டும்தான் இருப்பீர்கள்.

போவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது

முதலில் ஏன் எல்லாமே முழங்கால் உயரத்தில் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், பாதி ஏமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும். ஹிட்டைட்டுகள் கீழே கல்லால் அடித்தளம் போட்டு, அதன்மேல் மரச்சட்டம் நிறுத்தி, சட்டத்துக்கு நடுவே சுடாத பச்சைச் செங்கல் அடுக்கி, மேலே மண் போட்ட தட்டைக் கூரை வேய்ந்தார்கள். மரம் எரிந்தோ மக்கியோ போனது, செங்கல் மூவாயிரம் ஆண்டு மழையில் கரைந்து மண்ணோடு மண்ணானது, மிச்சம் இருப்பது அடித்தளம் மட்டும். நம் ஊரில் கூரை போன மண் வீடு இரண்டு மழைக்காலம் தாங்காததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக அங்கே நீங்கள் பார்ப்பது இடிந்த சுவர்கள் இல்லை, சுவர்களின் காலடி. ஒவ்வொரு கல் வரிசையின் மேலும் ஆறேழு மீட்டர் சுவரை மனதுக்குள் எழுப்பிக்கொண்டே நடக்க வேண்டும்.

இரண்டாவது, ஊரின் கதை. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் அனித்தா என்ற அரசர் இந்த ஊரைப் பிடித்து அழித்து, விளைநிலத்தில் களைச்செடி விதைத்து, இனி எந்த அரசன் இங்கே குடியேறினாலும் வானத்துப் புயல் தெய்வம் அவனை அடிக்கட்டும் என்று சாபமிட்டுவிட்டுப் போனார். இது அவர் பெயரிலேயே ஹிட்டைட் மொழியில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சாபத்தைப் பொருட்படுத்தாமல் கி.மு. 1650 வாக்கில் ஓர் அரசர் இதையே தலைநகராக்கி, ஊர்ப்பெயரையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டார்: ஹத்துசிலி, அதாவது ஹத்துசாக்காரர். அவருக்கு அடுத்து வந்த முதலாம் முர்சிலி, அறிஞர்கள் பெரும்பாலும் பின்பற்றும் காலக்கணக்குப்படி கி.மு. 1595இல், பாபிலோன் வரை போய் அதைச் சூறையாடினார். கி.மு. 1274இல் சிரியாவின் காதேஷில் எகிப்து அரசர் இரண்டாம் ராம்செஸோடு போர், 1259இல் அதே ராம்செஸோடு சமாதான ஒப்பந்தம். கி.மு. 1200ஐ ஒட்டிய வருடங்களில் எல்லாம் முடிந்துபோனது. யாரோ ஒரே நாளில் கொளுத்திவிட்டுப் போனார்கள் என்றுதான் முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அகழ்ந்தவர்கள் பார்த்தபோது பல கட்டடங்கள் எரிவதற்கு முன்பே காலி செய்யப்பட்டிருந்தன, அதாவது அரசும் மக்களும் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். துருக்கியிலேயே இருக்கும் கோர்தியோன் என்ற பழைய ஊரில் கிடைத்த பழைய ஜூனிப்பர் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. கி.மு. 1198 முதல் 1196 வரை தொடர்ந்து கடும் வறட்சி என்று அந்த வளையங்கள் காட்டுகின்றன. மூன்று வருடம் விளைச்சல் பொய்த்தால் எந்தக் களஞ்சியம் தாங்கும்?

அப்புறம் அந்த ஊர் முழுக்க மறந்துபோனது. 1834இல் சார்ல்ஸ் டெக்ஸியே என்ற பிரெஞ்சுக்காரர் வேறொரு ரோமானிய ஊரைத் தேடிக்கொண்டு வந்து, இந்த இடிபாட்டைப் பார்த்து என்னவென்று தெரியாமல் வரைந்து வைத்தார். 1906இல் ஹ்யூகோ விங்க்லரும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தியோடர் மக்ரிதியும் தோண்டத் தொடங்கியபோதுதான் எழுத்து பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. இன்றுவரை சுமார் 30 ஆயிரம் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. 2001இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின.

இந்தப் பலகைகள்தான் உங்களுக்கு உண்மையான வழிகாட்டி. கற்கள் பேசாத இடத்திலெல்லாம் பலகைகள் பேசும். மொழி புரியாமல் திணறிய நேரத்தில் பெட்ரிக் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் 1915இல் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக் கதவைத் திறந்தார். "நு நின்டா-அன் எஸ்ஸத்தேனி, வாதர்-மா எகுத்தேனி." நின்டா என்பது சுமேரியரிடமிருந்து கடன் வாங்கிய குறி, ரொட்டி என்று பொருள், அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ரொட்டி வந்தால் பக்கத்தில் வருவது சாப்பிடுவதாகத்தானே இருக்க வேண்டும்? வாதர் என்பதோ ஆங்கிலத்தின் வாட்டர் போலவே ஒலிக்கிறது. "இப்போது நீங்கள் ரொட்டி உண்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள்." ஹிட்டைட் ஓர் இந்தோ-ஐரோப்பிய மொழி என்று அப்படித்தான் தெரிந்தது. நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட உதகம் என்ற சொல்லும் இந்த வாதரின் தூரத்து உறவுதான்.

நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பலகை உண்டு. முதலாம் சுப்பிலுலியுமா என்ற ஹிட்டைட் அரசர் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மித்தன்னி நாட்டு சத்திவாசாவோடு செய்த ஒப்பந்தம் அது. சாட்சிக்கு அழைத்த தெய்வங்களின் நீண்ட வரிசையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்தியர் என்ற பெயர்கள் வருகின்றன. மருதத்துக்கு இந்திரன், நெய்தலுக்கு வருணன் என்று திணை பிரித்துப் படித்து வளர்ந்த நாம், அதே பெயர்கள் அனத்தோலியாவில், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியில், களிமண்ணில் குத்தப்பட்டு வெளிவந்ததை அறிந்துகொண்டு அந்த மலையில் நின்றால் உடம்பு சிலிர்க்கிறது. கிக்குலி என்ற மித்தன்னிக்காரர் எழுதிவைத்த குதிரைப் பயிற்சிக் குறிப்பும் இங்கேதான் கிடைத்தது. பந்தயச் சுற்றுகளை எண்ணும்போது அவர் ஐக, தேர, பன்சா, சத்த, நவ என்கிறார். வடமொழி எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அங்காராவைத் தவிர்க்காதீர்கள்

இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. ஹத்துசாவுக்குப் போவதற்கு முந்தைய நாள் அங்காராவில் தங்கி, கோட்டை அடிவாரத்தில் இருக்கும் அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஓட்டோமான் காலத்துச் சந்தை மண்டபம் ஒன்றையும் பக்கத்துச் சத்திரத்தையும் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள், கட்டடமே அழகு. உள்ளே குறைந்தது மூன்று மணி நேரம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், தலை சுற்றும். ஹத்துசாவுக்காக மூன்று விஷயம் போதும்.

ஒன்று, அரசர் வாசலிலிருந்து எடுத்துவந்த மூலச் சிற்பம். ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் போர்வீரன், கையில் கோடரி, இடுப்பில் குட்டை ஆடை, மார்பு மயிர் வரை நுணுக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். தலைக்கவசத்தைப் பாருங்கள், கொம்பு இருக்கும். ஹிட்டைட் சிற்பத்தில் கொம்பு என்றால் தெய்வம். முதலில் கண்டவர்கள் இதை அரசர் என்று நினைத்ததால் வாசலுக்கே அரசர் வாசல் என்று பெயர் நிலைத்துவிட்டது. மலையில் நீங்கள் பார்க்கப்போவது இதன் வார்ப்பு நகல்தான், அதனால் நுணுக்கத்தை இங்கேயே கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு, இனாந்திக் என்ற இடத்தில் கிடைத்த குடம். அதன் உடலைச் சுற்றி வரிசை வரிசையாக ஆட்கள் இசைக்கிறார்கள், சமைக்கிறார்கள், பலி கொடுக்கிறார்கள், ஒரு திருவிழா முழுவதும் அதில் ஓடுகிறது. ஹத்துசாவின் வெற்று முற்றங்களை இந்த ஆட்களைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். மூன்று, ஹத்துசாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அலாஜாஹோயுக்கின் கல்லறைகளில் கிடைத்த வெண்கலச் சூரிய வட்டங்களும் மான்களும். அவை ஹிட்டைட்டுகளுக்கும் பல நூற்றாண்டு முந்தியவை, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த ஹத்தி மக்களின் கைவேலை. ஹத்துசா என்ற பெயரே அந்த மக்களிடமிருந்து வந்ததுதான்.

கையோடு ஐந்தாறு துருக்கிச் சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள், வழிகாட்டிப் பெயர்ப்பலகைகளில் திரும்பத் திரும்ப வரும். கபி என்றால் வாசல், கலே கோட்டை, கயா பாறை, தாஷ் கல், தெபே குன்று, ஹோயுக் மக்கள் வாழ்ந்து வாழ்ந்து உயர்ந்த மண்மேடு. பியூக் என்றால் பெரிய, யாஸிலி என்றால் எழுதப்பட்ட. இவ்வளவு தெரிந்தால் பியூக்கலே பெரிய கோட்டை, யாஸிலிகயா எழுத்துப் பாறை, யெர்கபி நிலத்து வாசல் என்று பெயர்களே வழி சொல்லத் தொடங்கிவிடும்.

போய்ச்சேர

வாடகைக் கார்தான் சுலபம், அங்காராவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பேருந்தில் வருவதானால் அங்காரா நிலையத்தில் சுங்குர்லு வழியாகப் போகும் வண்டியைப் பிடித்து சுங்குர்லுவில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் டாக்சியிலோ, கிடைத்தால் தோல்முஷ் என்ற பகிர்வு வேனிலோ வரலாம். வேன் மாலையில் நின்றுவிடும், அதனால் போவாஸ்கலேயில் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது. சின்ன ஊர், சில விடுதிகள் உண்டு.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். இடம் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பனி மூடிவிடும், ஜூலை ஆகஸ்டில் நிழலே கிடையாது. தொப்பி, தண்ணீர், பிடிமானமுள்ள காலணி. நகரின் வடக்கு ஓரத்துக்கும் தெற்கு உச்சிக்கும் 250 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் என்பதால் நடந்து போகிறவர்கள் காலையிலேயே தொடங்குங்கள். உள்ளே சுற்றிவரும் சாலை ஐந்தாறு கிலோமீட்டர், கார் வைத்திருந்தால் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி இறங்கலாம். இன்னொன்று, ஆட்டுமந்தையோடு பெரிய காவல் நாய்கள் இருக்கும், மந்தைக்கு நடுவே புகாமல் சுற்றிப் போய்விடுங்கள்.

நடக்கும் வரிசை

சீட்டு வாங்கியதும் கண்ணில் படுவது உயர்ந்த மண்நிற மதில், இரண்டு கோபுரங்களோடு. பழையது இல்லை என்று தெரிந்ததும் பலர் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கே தோண்டிவரும் ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தினர், யூர்கன் ஸேஹர் தலைமையில், 2003 முதல் 2005 வரை பழைய அடித்தளத்தின் மேலேயே, பழைய முறையிலேயே, பச்சைச் செங்கல் அறுத்துக் காயவைத்து இந்த 65 மீட்டரை எழுப்பினார்கள். எவ்வளவு மண், தண்ணீர், வைக்கோல், ஆள் தேவைப்படும் என்று கணக்குப் பார்க்கவே கட்டினார்கள். நகரைச் சுற்றிலும் இப்படி ஆறு கிலோமீட்டருக்கு மேல் மதில் ஓடியது. அந்த 65 மீட்டரின் அடியில் ஐந்து நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள், அந்த உயரம் மனதில் பதியட்டும். மேலே பார்க்கப்போகும் ஒவ்வொரு அடித்தளத்துக்கும் இதுதான் அளவுகோல்.

அடுத்தது பெரிய கோயில். புயல் தெய்வத்துக்கும் அரின்னா என்ற ஊரின் சூரிய தேவிக்கும் உரியது என்று கருதுகிறார்கள், அதனால்தான் கருவறை இரண்டு. நடுவில் கோயில், சுற்றிலும் நீள நீளமான சேமிப்பறைகள். அங்கே தரையில் புதைந்த பெரிய மண் குதிர்களைப் பார்க்கலாம், தானியமும் எண்ணெயும் மதுவும் வைத்தவை. கற்களின் மேற்பரப்பில் வட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள், மரச்சட்டத்தை முளையடித்து நிறுத்திய துளைகள் அவை. இவ்வளவு பெரிய கல்லை இவ்வளவு வழவழப்பாக இழைத்து, இரும்பு அரிதான காலத்தில் இத்தனை துளை போட்டிருக்கிறார்கள். சேமிப்பறை ஒன்றில் பச்சைநிறக் கனசதுரக் கல் ஒன்று கிடக்கும். ஊர்க்காரர்கள் கைவைத்து வேண்டிக்கொள்ளும் கல் என்கிறார்கள். எதற்காக அங்கே வைத்தார்கள் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை.

கோயில் முற்றத்தில் நிற்கும்போது கோயில் பணியாளர்களுக்கான ஹிட்டைட் விதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் முழுதாகக் கிடைத்திருக்கிறது. தெய்வத்துக்கு அன்றாட ரொட்டி செய்கிறவன் குளித்து, நகம் வெட்டி, சுத்தமான உடை உடுத்தியிருக்க வேண்டும், சமைக்கும் இடத்து வாசற்படியில் நாயும் பன்றியும் அண்டக்கூடாது, இரவில் அடுப்பு நெருப்பை அணைப்பதில் அலட்சியம் காட்டிக் கோயில் எரிந்தால் குற்றவாளி மட்டுமல்ல, அவன் சந்ததியும் அழிய வேண்டும். மடப்பள்ளி ஒழுங்கு தெரிந்த யாருக்கும் இது அந்நியமாகப் படாது. சாலைக்கு அப்பால் தென்புறத்தில் கோயிலைச் சேர்ந்த பணிமனைக் கட்டடம் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு பலகையில் வேலையாட்களின் பட்டியல்: களிமண் எழுத்தர் 19 பேர், மரப்பலகை எழுத்தர் 33 பேர், ஹுர்ரிய மொழிப் பாடகர் 10 பேர் என்று மொத்தம் 200ஐத் தாண்டுகிறது. மரப்பலகைகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த 33 பேர் எழுதியதெல்லாம் போய்விட்டதே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

இங்கிருந்து சாலையில் மேலே ஏறி வலப்பக்கம் திரும்பினால் முதலில் சிங்க வாசல். பாறையிலிருந்தே பாய்ந்து வருவதுபோல் இரண்டு சிங்கங்கள், வாய் திறந்து, முன்கால் ஊன்றி. கண்குழிகளில் ஒரு காலத்தில் வேறு கல் பதித்திருந்தார்கள். வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் இரட்டைக் கதவு, இரவில் பூட்டி முத்திரை வைப்பது நகர அதிகாரியின் பொறுப்பு, காலையில் முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தன் மகனையோ நம்பிக்கையான ஆளையோ அனுப்ப வேண்டும் என்று அதற்கும் ஒரு பலகை விதி சொல்கிறது. கதவு சுழன்ற குழி தெரிகிறதா என்று கீழே குனிந்து பாருங்கள்.

அடுத்து யெர்கபி, நகரின் உச்சி. எனக்கு மிகவும் பிடித்த இடம். சுமார் 250 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், 30 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி ஒரு செயற்கை மேடு, வெளிப்புறம் முழுக்க கல் பாவிய சரிவு. அதன் அடியில் 71 மீட்டர் நீளச் சுரங்கப் பாதை. முதலில் கல்லை ஒன்றின்மேல் ஒன்று உள்தள்ளி அடுக்கிக் கூம்பு வடிவப் பாதையைக் கட்டி, அப்புறம்தான் அதன்மேல் மேட்டை எழுப்பியிருக்கிறார்கள். உள்பக்கமிருந்து சுரங்கத்துக்குள் இறங்கி, மெதுவாக நடந்து வெளியே வந்து, சரிவின் ஓரத்தில் இருக்கும் படிகளில் ஏறி மேலே ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட சிலை) வாசலுக்கு வாருங்கள், இந்த வரிசையில் போனால்தான் அதன் முழுப் பிரம்மாண்டமும் தெரியும். 2022இல் இந்தச் சுரங்கச் சுவர்களில் சுமார் 250 ஓவிய எழுத்துக் குறிகள் வண்ணத்தால் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் நடந்துபோய்க்கொண்டிருந்த பாதையில் இப்படி ஒன்று! அதனால் சுவரில் கை வைக்காதீர்கள், டார்ச்சை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளியே படிக்கட்டு இருப்பதால் இது பாதுகாப்புக்காக மட்டும் கட்டியதாகத் தோன்றவில்லை, விழா ஊர்வலம் ஏறி இறங்கவும் தூரத்திலிருந்து வருகிறவன் கண்ணில் நகரம் மலையாக எழுந்து நிற்கவும் கட்டியிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அரசர் வாசலில் நகல் நிற்கும், அங்காராவில் பார்த்தவரை இங்கே அவர் இடத்தில் பாருங்கள். அவர் வெளியே பார்க்கவில்லை, ஊருக்குள் முகம் காட்டி நிற்கிறார். கிளம்புகிறவர்களை வழியனுப்பும் தெய்வம்.

இறங்கும் வழியில் நிஷான்தாஷ் பாறை. பதினொரு வரிகள், எட்டு மீட்டருக்கு மேல் நீளம், ஹிட்டைட்டுக்கு உறவான லூவியன் மொழியின் சித்திர எழுத்து. கடைசி அரசர் இரண்டாம் சுப்பிலுலியுமா வெட்டுவித்தது, காற்றும் மழையும் தேய்த்துவிட்டன. எழுத்தே தெரியவில்லை என்று விட்டுவிடாமல் எதிர்ப்பக்கம் இருக்கும் வளைவுக் கூரை போட்ட, கல்லால் கட்டிய சிறு அறைக்குப் போங்கள், அதே அரசர் வெட்டிய ஆறு வரிகள் நேற்றுச் செதுக்கியது போல் நிற்கும். படிக்க ஒரு வழி சொல்கிறேன். மனிதத் தலை, விலங்குத் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரி தொடங்கும், அடுத்த வரி எதிர்த்திசையில் திரும்பும். ஏர் உழும் மாடு வயல் ஓரத்தில் திரும்புகிறதே, அப்படி.

கடைசியாக பியூக்கலே, அரண்மனைக் குன்று. படியேறி நின்றால் காலையில் பார்த்த பெரிய கோயில் முழுத் திட்டமாகக் கீழே விரியும், அதற்காகவே ஏறலாம். இங்கேதான் பலகைக் கிடங்குகள் இருந்தன. மர அலமாரியில் அடுக்கி, என்ன பலகை, எத்தனையாவது பகுதி, யார் எழுதியது என்று கடைசியில் குறித்து வைத்திருந்தார்கள். காதேஷ் ஒப்பந்தத்தின் அக்காடிய மொழிப் படி 1906இல் இந்தக் குன்றின் சரிவில்தான் கிடைத்தது. மூலம் வெள்ளித் தகட்டில் பொறித்தது, அதில் அரசர் மூன்றாம் ஹத்துசிலியின் முத்திரையோடு அரசி புதுஹெபாவின் முத்திரையும் இருந்தது என்று எகிப்தியர்கள் கோயில் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். களிமண் பலகை இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில், அதன் பெரிய நகல் ஒன்று நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில். புதுஹெபா எகிப்து அரசருக்கே நேரடியாகக் கடிதம் எழுதி, மகளின் கல்யாணம் பற்றிக் கறாராகப் பேசியவர். அந்தக் குன்றில் அவருடைய பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

யாஸிலிகயா

நகரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வடகிழக்கே. காலையில் வாங்கிய சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், இங்கேயும் காட்ட வேண்டியிருக்கும். இது கட்டிய கோயில் இல்லை, வானத்தைக் கூரையாகக் கொண்ட பாறை இடுக்கு. பெரிய அறையில் இடப்பக்கம் ஆண் தெய்வங்கள், வலப்பக்கம் பெண் தெய்வங்கள், 60க்கும் மேற்பட்ட உருவங்கள் வரிசையாக நடந்துவந்து எதிர்ப்பாறையில் சந்திக்கின்றன. நடுவில் இரண்டு மலைத்தெய்வங்களின் குனிந்த கழுத்தில் நிற்கும் புயல் தெய்வம் தெஷுப், எதிரே சிறுத்தைமேல் நிற்கும் அவர் துணைவி ஹெபாத், அவளுக்குப் பின்னால் மகன் ஷர்ருமா. நீட்டிய கைக்கு மேல் சிறு குறிகள் தெரியும். நடுவில் பிளந்த முட்டை வடிவக் குறி வந்தால் அது "தெய்வம்" என்ற எழுத்து, அதன்கீழ் இருப்பது பெயர். இந்த ஒரு குறியைக் கற்றுக்கொண்டாலே வரிசை முழுவதும் பெயர்பெயராகப் பிரிந்துவிடும். அந்தச் சந்திப்புக்கு நேர் எதிரே உள்ள பாறையில் எல்லோரையும்விடப் பெரிதாக, வட்டத் தொப்பியும் வளைந்த கோலும் பிடித்து நிற்பவர் தெய்வம் இல்லை, அரசர் நான்காம் துதாலியா. கொம்பில்லாத தொப்பியைக் கவனியுங்கள்.

புடைப்புச் சிற்பம் மெல்லியது, உச்சி வெயிலில் பாறையோடு கரைந்துபோகும். வெளிச்சம் சாய்வாக விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள், அவசரப்பட வேண்டாம், ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.

சின்ன அறைக்கு ஒடுங்கிய இடுக்கு வழியாகப் போக வேண்டும். வெகுகாலம் மண்ணில் புதைந்திருந்ததால் இங்கே சிற்பங்கள் கூர்மையாக இருக்கின்றன. வலப்பக்கம் பன்னிரண்டு பாதாள தெய்வங்கள் வளைந்த வாளைத் தோளில் சாய்த்து ஒரே அடியில் நடக்கிறார்கள். எதிரே தரையில் குத்திய வாளாகவே நிற்கும் தெய்வம், பக்கத்தில் ஷர்ருமா துதாலியாவைத் தோளோடு அணைத்து மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போகிறார். இறந்த அரசருக்கு மகன் எழுப்பிய நினைவிடம் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தக் கைப்பிடியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

மற்றவை

போவாஸ்கலேயின் சிறிய அருங்காட்சியகத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள். யெர்கபியின் இரண்டு ஸ்பிங்ஸ்களும் அங்கே எதிரெதிரே இருக்கின்றன. முதல் உலகப்போர்க் காலத்தில் சீர்செய்வதற்காக ஜெர்மனிக்குப் போனவை. ஒன்று 1924இல் திரும்பியது, மற்றது பெர்லினிலிருந்து 2011இல்தான் வந்தது. நேரமிருந்தால் மறுநாள் அலாஜாஹோயுக், காரில் அரை மணிதான். அங்கே ஸ்பிங்ஸ் வாசல் அதன் இடத்திலேயே நிற்கிறது, பக்கத்தில் ஹிட்டைட் கால அணை ஒன்றைச் சுத்தம் செய்து திரும்பவும் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள்.

நடக்கும்போது காலடியில் பானை ஓடு கிடக்கும், ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது துருக்கியில் குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டால் சிறை வரை போகும். சட்டத்தை விடுங்கள், ஒரு ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பே. கோடையில் அகழ்வு நடக்கும், கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாமல் ஓரமாக நின்று பார்க்கலாம். வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் "கொலாய் கெல்சின்" என்று சொல்லுங்கள், வேலை சுலபமாக நடக்கட்டும் என்று அர்த்தம். அங்கே உழைக்கிறவரைத் தாண்டிப் போகும் எவரும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பெரியவர்களை ஆபி, அம்ஜா, தெய்ஸே என்று கூப்பிடலாம், நாம் அண்ணே, மாமா, அத்தை என்று முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுவது போலவே. முகம் மலர்ந்து தேநீருக்கு அழைப்பார்கள், போங்கள். அடுக்கிய இரண்டு கெண்டிகளில் மேல்கெண்டியின் கெட்டிச் சாற்றை ஊற்றி, கீழ்க்கெண்டியின் வெந்நீரால் உங்களுக்கு வேண்டிய நிறத்துக்குக் கலந்து, இடை சிறுத்த கண்ணாடி டம்ளரில் தருவார்கள், பால் கிடையாது. சைவர்களுக்குப் பருப்பு சூப்பும், கீரையோ சீஸோ வைத்துத் தட்டில் சுட்ட கோஸ்லெமே என்ற மெல்லிய ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சூப் எதில் வெந்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், சில கடைகளில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள்.

திரும்பும்போது சோரும் வழியாகப் போனால் லெப்லெபி வாங்காமல் வராதீர்கள். வறுத்த கொண்டைக்கடலைதான், ஆனால் அந்த ஊர் அதற்கென்றே பேர்போனது, திரும்பத் திரும்ப வறுத்து ஆறப்போட்டுச் செய்கிறார்கள். கடைவாசலில் ஒரு கைப்பிடி கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார்கள். சூடாக இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள், அங்காரா வரை வழிக்கு ஆகும்.